ரிஷபத்தின் ஆழம்

தை பிறந்த வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு வெட்டவெளியில் நின்று அண்ணாந்து பார்த்தால், தமிழ்நாட்டில் ரிஷபம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருக்கும். இளஞ்சிவப்பாக ஒரு பெரிய மீன், அது ரோகிணி. அதைச் சேர்த்துப் பார்த்தால் சில மங்கலான மீன்கள் ஆங்கில ‘வி’ எழுத்தைப் படுக்க வைத்ததுபோல் நிற்கும். பழைய வானியலார் இந்த வடிவத்தை வண்டியாகக் கண்டு ரோகிணிச் சகடம் என்றார்கள். கிரேக்கர்களுக்கு இது காளையின் முகம். கொஞ்சம் மேற்கே, ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சிறு கூட்டம் கார்த்திகை. வடகிழக்கே நீளும் இரண்டு கொம்புகளின் நுனியிலும் ஒவ்வொரு மீன்: வடக்குக் கொம்பில் எல்நாத், தெற்குக் கொம்பில் ஸீட்டா டாரி.

வைகாசி மாதம் முழுவதும் சூரியன் ரிஷப ராசியில் இருப்பதால் அப்போது இந்த மீன்களைப் பார்க்க வழியில்லை. ஆறு மாதம் கழித்து, கார்த்திகை மாதத்தில், சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழுந்து இரவு முழுக்க வானில் இருக்கும். திருக்கார்த்திகைப் பௌர்ணமி நிலவு நிற்பதும் கார்த்திகைக் கூட்டத்தின் அருகேதான். நம் பஞ்சாங்கத்தின் மூன்று நட்சத்திரங்கள் (கார்த்திகையின் பெரும்பகுதி, ரோகிணி, மிருகசீரிடத்தின் முற்பாதி) இந்த ஒரு ராசிக்குள் வருகின்றன.

கண்ணுக்கு இவையெல்லாம் ஒரே கூரையில் பதித்தவையாகத் தெரிகின்றன. உண்மையில் ரோகிணி 67 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ‘வி’ வடிவ மீன்கள் 150 ஒளியாண்டுக்குச் சற்று அப்பால். கார்த்திகை 444. தெற்குக் கொம்பின் நுனியருகே தொலைநோக்கியில் மட்டும் தெரியும் நண்டு நெபுலா சுமார் 6,500. இந்த நான்கு எண்களும் எப்படிக் கிடைத்தன என்பதே இந்த அத்தியாயம். ரிஷபத்தை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பேரண்டத்தின் தொலைவுகளை அளக்க மனிதன் கட்டிய ஏணியின் கீழ்ப்படிகளில் பல இந்த ராசியில்தான் ஊன்றப்பட்டன. அவற்றில் ஒன்று ஆடியபோது மேலே இருந்த படிகளும் ஆடின.

முதலில் ஒளியை அளப்பதைப் பார்ப்போம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் டாலமி தொகுத்த பட்டியலில் விண்மீன்கள் ஆறு வகுப்புகளாகப் பிரிந்திருந்தன. மிகப் பிரகாசமானவை முதல் வகுப்பு. கண்ணுக்கு எட்டும் கடைசி மங்கல் ஆறாவது. எண் ஏற ஏற ஒளி குறையும். இந்தப் பழைய தரவரிசைக்குக் கணித உருவம் தந்தவர் நார்மன் போக்சன். முதல் வகுப்பு மீன், ஆறாம் வகுப்பு மீனைவிட நூறு மடங்கு ஒளி தருவதாக வைத்துக்கொள்ளலாம், அப்படியானால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு வித்தியாசம் என்று 1856-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது அவர் முன்மொழிந்தார். இன்று உலகெங்கும் பொலிவெண் என்று சொல்வது இதைத்தான். 1861-இல் அவர் சென்னைக்கு வந்து நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். வந்த சில மாதங்களிலேயே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். முப்பது ஆண்டுகள் இங்கேயே உழைத்து 1891-இல் இங்கேயே இறந்தார். விண்மீன்களின் ஒளியை அளக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் அளவுகோலைத் தந்தவர் நம் நகரத்தில் முப்பது ஆண்டு வாழ்ந்தார் என்பது சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

போக்சனின் அளவில் ரோகிணியின் பொலிவெண் சுமார் 0.9. எல்நாத் 1.65. கார்த்திகையின் மிகப் பிரகாசமான மீனான அல்சியோனி 2.87. ‘வி’ வடிவக் கூட்டத்தில் ஒளி மிகுந்த தீட்டா-2 டாரி 3.4. இந்த வரிசையை வைத்து, ரோகிணிதான் பெரிய விளக்கு, அல்சியோனி சிறு விளக்கு என்று முடிவு செய்யலாமா? கூடாது. ஒளி, தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் நாலில் ஒரு பங்கு, பத்து மடங்கு தள்ளிப் போனால் நூறில் ஒரு பங்கு. ஆகவே தொலைவு தெரியாதவரை பொலிவெண் ஒரு மீனின் உண்மையைப் பாதி மட்டுமே சொல்கிறது.

மீதிப் பாதிக்கு, பூமி சூரியனைச் சுற்றுவது உதவுகிறது. ஜனவரியில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும் ஒரு மீனைக் குறித்துக்கொண்டால், இரண்டு நோக்குகளுக்கும் இடையே நாம் 30 கோடி கிலோமீட்டர் நகர்ந்திருப்போம். அருகிலுள்ள மீன், பின்னணியில் உள்ள தொலைதூர மீன்களை வைத்துப் பார்க்கையில் சற்றே இடம் மாறித் தெரியும். அந்த மாற்றத்தில் பாதிக்குத்தான் இடமாறு தோற்றம் என்று பெயர். கொள்கை எளிது, கோணம்தான் மிகமிகச் சிறியது. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. ஒரு விகலை அளவுக்கு இடமாறு தோற்றம் காட்டும் தொலைவுக்குப் பார்செக் என்று பெயர், அது 3.26 ஒளியாண்டு. அந்த அளவு அருகில் சூரியனைத் தவிர வேறு விண்மீன் எதுவும் இல்லை. 1838-இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் அன்னம் மண்டலத்தின் 61 சிக்னி என்ற மீனுக்கு முதன்முதலாக நம்பத்தக்க விடையைச் சொன்னபோது, அவர் அளந்த கோணம் ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ரோகிணிக்கு அது 0.049 விகலை. ஒன்றை 0.049-ஆல் வகுத்தால் 20.4 பார்செக், அதாவது 67 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவு.

தொலைவு கிடைத்ததும் மற்றவை ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ரோகிணி சூரியப் பாதையின் அருகே இருப்பதால் நிலவு அவ்வப்போது அதை மறைக்கும். நிலவின் விளிம்பு கடக்கும்போது மீனின் ஒளி ஒரே கணத்தில் அணைந்துவிடுவதில்லை; நொடியில் சிறு பின்னத்துக்குப் படிப்படியாகக் குறைகிறது. அந்தக் குறைவை வேகமாகப் பதிவுசெய்து மீனின் கோண அகலத்தைக் கணக்கிடலாம். ரோகிணிக்கு அது விகலையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. தொலைவோடு சேர்த்துப் பெருக்கினால் அதன் குறுக்களவு சூரியனைப்போல் சுமார் 45 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் ரோகிணியை வைத்தால், அதன் விளிம்பு புதன் கோளின் சுற்றுப்பாதை வரையான தூரத்தில் பாதியைத் தாண்டிவிடும். எடையோ சூரியனைவிடச் சற்றே கூடுதல். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, உப்பிப் பெருத்து, மேற்பரப்பு 3,900 கெல்வின் வரை குளிர்ந்துபோன செம்பெருமீன் அது. நம் சூரியனும் சில நூறு கோடி ஆண்டுகள் கழித்து இப்படி ஆகும்.

நிலவு ரோகிணியை மறைப்பது இன்னொரு பெரிய கண்டுபிடிப்புக்கும் துணைநின்றது. கி.பி. 509-இல் ஏதென்ஸ் நகரில் அப்படி ஒரு மறைப்பு நடந்ததாகக் குறிப்பு இருக்கிறது. ரோகிணி இப்போது நிற்கும் இடத்திலேயே அன்றும் நின்றிருந்தால் அந்த மறைப்பு பொருந்தி வராது என்று எட்மண்ட் ஹாலி கண்டார். டாலமியின் பட்டியலையும் ஒப்பிட்டு, ‘நிலைத்த’ மீன்கள் நகர்கின்றன என்று 1718-இல் அவர் அறிவித்தார். அவர் காட்டிய மூன்று மீன்களில் ஒன்று ரோகிணி. மற்றவை சிரியஸும் ஆர்க்டூரஸும்.

இந்த நகர்வுதான் அடுத்த படிக்கு நம்மை ஏற்றுகிறது. ரோகிணியைச் சுற்றித் தெரியும் ‘வி’ வடிவக் கூட்டத்துக்கு ஹயடீஸ் என்று பெயர். ரோகிணி அதில் ஒருத்தியைப்போல் தோன்றினாலும் கூட்டத்துக்கு அந்நியள்; இரண்டு மடங்குக்கும் மேல் நமக்கு அருகே, தற்செயலாக அதே திசையில் நிற்பவள். ரோகிணி போகும் திசை வேறு, கூட்டம் போகும் திசை வேறு. ஹயடீஸ் மீன்கள் அனைத்தும் ஆண்டுக்கு விகலையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நகர்கின்றன. அமெரிக்க வானியலாளர் லூயிஸ் பாஸ் 1908-இல் அந்த நகர்வுகளைக் கோடுகளாக நீட்டிப் பார்த்தார். எல்லாக் கோடுகளும் கிழக்கே, திருவாதிரை மீனுக்கு அருகே, ஒரே புள்ளியில் குவிந்தன. தண்டவாளங்கள் தொலைவில் ஒன்று சேர்வதுபோல் தெரிவதும் இதனால்தான்: இணையான பாதைகள் நம்மைவிட்டு விலகிச் செல்லும்போது ஒரு புள்ளியில் கூடுவதாகத் தோன்றும். ஆகவே இந்த மீன்கள் இணையாக, ஒரே வேகத்தில், ஒரு குடும்பமாகப் போகின்றன என்று தெளிவாயிற்று.

இதன் அழகு அடுத்த கணக்கில் இருக்கிறது. குவியும் புள்ளி, கூட்டம் செல்லும் திசையைச் சொல்லிவிடுகிறது. நிறமாலையில் கோடுகள் எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்பது, மீன் நம்மைவிட்டு விலகும் வேகத்தைச் சொல்கிறது. அது நொடிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர். திசையும் விலகும் வேகமும் தெரிந்தால், நம் பார்வைக்குக் குறுக்காக அது நகரும் உண்மையான வேகத்தைப் பள்ளிக்கூட முக்கோணவியலே தந்துவிடும். அந்த வேகம் வானத்தில் விகலையில் பத்தில் ஒரு பங்காகத் தெரிய வேண்டுமானால் மீன் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? விடை நாற்பது சொச்சம் பார்செக். பூமியின் சுற்றுப்பாதையை நம்பாமல், இடமாறு தோற்றத்தின் துணையே இல்லாமல், ஒரு கூட்டம் முழுவதற்கும் தொலைவு கிடைத்துவிட்டது. எண்ணிக்கையில் பல நூறு மீன்கள் கொண்ட, 60 கோடி ஆண்டுக்கும் மேல் வயதான ஒரு கூட்டம் அது. இன்றைய துல்லிய அளவீட்டில் 47 பார்செக், 153 ஒளியாண்டு.

ஒரு கூட்டத்தின் தொலைவு இவ்வளவு முக்கியமாவது ஏன்? கூட்டத்தின் மீன்கள் எல்லாம் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால், அவற்றுக்குள் தெரியும் ஒளி வித்தியாசம் உண்மையான வித்தியாசம். டேனிஷ் அறிஞர் ஹெர்ட்ஸ்ப்ருங் 1911-இல் ஹயடீஸையும் கார்த்திகையையும் எடுத்துக்கொண்டு, மீன்களின் நிறத்தை ஒரு பக்கமும் பொலிவெண்ணை மறுபக்கமும் வைத்துப் புள்ளியிட்டார். மீன்கள் தாறுமாறாகச் சிதறவில்லை. பெரும்பாலானவை ஒரு சாய்ந்த பட்டையில் வரிசைகட்டி நின்றன. நீல மீன் பிரகாசமானது, மஞ்சள் மீன் நடுத்தரம், சிவப்பு மீன் மங்கல். இந்தப் பட்டையை இன்று முதன்மைத் தொடர் என்கிறோம். இரண்டு கூட்டங்களின் பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், கார்த்திகையின் பட்டை ஹயடீஸ் பட்டையைவிடச் சில பொலிவெண் கீழே கிடக்கும். அந்த இறக்கம் கார்த்திகை எத்தனை மடங்கு தள்ளி இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். இதே முறையில் அடுத்த கூட்டம், அதற்கு அடுத்தது, அந்தக் கூட்டங்களில் உள்ள, ஒளி ஏறி இறங்கும் செபீட் மாறுமீன்கள், அவற்றைக் கொண்டு பிற அண்டங்கள் என்று ஏணி உயர்ந்தது. ஹயடீஸின் தொலைவில் ஒரு சதவீதம் பிழை இருந்தால், அதைச் சார்ந்து அளந்த அண்டங்கள் வரை அந்தப் பிழை சென்று சேரும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஹயடீஸுக்காக வானியலார் ஏன் அவ்வளவு உழைத்தார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

எல்லா மீன்களையும் பத்து பார்செக் தொலைவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன பொலிவெண் காட்டும் என்று கணக்கிட்டு அதைத் தனிப் பொலிவெண் என்கிறார்கள். எனக்கு ரிஷபத்தை வேறு விதமாக இடம்மாற்றிப் பார்ப்பது பிடிக்கும். ரோகிணியைக் கார்த்திகை இருக்கும் தூரத்துக்குத் தள்ளினால் அதன் பொலிவெண் சுமார் 5. நகர வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. அல்சியோனியை ரோகிணியின் இடத்துக்கு இழுத்தால் பொலிவெண் –1.3 ஆகிவிடும், இரவு வானின் அதிப் பிரகாச மீனான சிரியஸுக்கு அருகே வந்துவிடும். நம் சூரியனை ரோகிணியின் இடத்தில் வைத்தால் 6.4, வெறுங்கண்ணுக்குத் தப்பிவிடும். ஹயடீஸ் தூரத்தில் 8.2. கார்த்திகையின் தூரத்தில் 10.5, சிறு தொலைநோக்கிக்கே சிரமம். வானத்தில் நாம் பெயர் சொல்லி அழைக்கும் மீன்களில் பெரும்பாலானவை சூரியனைவிடப் பல பத்து, பல நூறு மடங்கு ஒளி வீசுபவை. சூரியனைப் போன்றவையும் அதைவிட மங்கலானவையுமே எண்ணிக்கையில் மிக அதிகம்; ஆனால் அவற்றைக் கண் பார்ப்பதில்லை.

கார்த்திகைக்கு வருவோம். ஆறு மீன் என்று நம் முன்னோர் எண்ணியதை 1610-இல் கலிலியோ தன் தொலைநோக்கியில் பார்த்து 36 மீன்களைப் படமாக வரைந்தார். இத்தனை பிரகாச மீன்கள் தற்செயலாக ஒரே இடத்தில் தோன்றுவதற்கு வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து லட்சத்தில் ஒன்று என்று 1767-இல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலப் பாதிரியார் கணக்கிட்டு, இவை உண்மையிலேயே ஒன்றாகப் பிணைந்தவை என்று வாதிட்டார். விண்மீன்களுக்கு நிகழ்தகவுக் கணக்கை முதலில் பயன்படுத்தியவர் அவர், முடிவும் சரி. கார்த்திகைக்கு வயது 10 கோடி ஆண்டுக்குச் சற்று மேல். ஹயடீஸோடு ஒப்பிட்டால் இளசு.

ஐரோப்பிய விண்வெளி முகமை இடமாறு தோற்றத்தை அளப்பதற்கென்றே 1989-இல் ஏவிய ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்களை விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் அளந்தது. 1997-இல் பட்டியல் வெளியானபோது ஹயடீஸ் எதிர்பார்த்த இடத்தில் இருந்தது. கார்த்திகை இல்லை. முதன்மைத் தொடரைப் பொருத்திப் பார்க்கும் முறை 130 பார்செக்குக்கு மேல் என்றது. ஹிப்பார்க்கஸ் 118 என்றது. பத்து சதவீதம் பெரிய விஷயமா என்று தோன்றலாம். அந்த எண் உண்மையானால் கார்த்திகை மீன்கள் ஒவ்வொன்றும் நாம் நினைத்ததைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக ஒளி வீசுகின்றன என்று ஆகும். ஒரு மீன் எப்படி எரிகிறது என்ற கோட்பாடு, சூரியனுக்கும் ஹயடீஸுக்கும் பொருந்திவிட்டுக் கார்த்திகையில் மட்டும் தோற்க வேண்டும். இளம் மீன்களின் இயற்பியலில் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறதா, அல்லது செயற்கைக்கோளின் கணக்கில் பிழையா?

இந்தச் சர்ச்சையை நான் வானியலின் மிக நேர்மையான சர்ச்சைகளில் ஒன்றாக மதிக்கிறேன். எந்தத் தரப்பும் மற்றதை ஒதுக்கவில்லை. வேறு வழிகளில் அளந்து பார்த்தார்கள். கார்த்திகையின் அட்லஸ் என்ற மீன் உண்மையில் ஒன்றையொன்று ஏறத்தாழ 291 நாளில் சுற்றும் இரட்டை. கெப்ளரின் விதியைக் கொண்டு அவற்றுக்கு இடையே உள்ள உண்மையான தூரத்தைக் கணக்கிடலாம். குறுக்கீட்டுமானியால் அந்தத் தூரம் வானில் பிடிக்கும் கோணத்தை அளக்கலாம். இரண்டையும் வகுத்தால் தொலைவு. 2004-இல் பான், ஷாவ், குல்கர்னி ஆகியோர் இப்படிச் செய்து 133 முதல் 137 பார்செக் என்றார்கள். அடுத்த ஆண்டு ஹபிள் தொலைநோக்கியின் அளவீடும் அதே பக்கம் சாய்ந்தது. ஹிப்பார்க்கஸ் குழுவினர் தங்கள் தரவு முழுவதையும் மறுபடி சீர்செய்து 2009-இல் வெளியிட்டபோதும் 120 பார்செக் என்றே நின்றார்கள். 2014-இல் கண்டங்களுக்கு இடையே பரவிய ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து, கார்த்திகையின் ரேடியோ அலை உமிழும் சில மீன்களின் இடமாறு தோற்றத்தை நேரடியாக அளந்தபோது கிடைத்தது 136. கடைசியில் 2013 டிசம்பரில் புறப்பட்ட கையா செயற்கைக்கோள் தன் 2018 வெளியீட்டில் அதே 136-ஐ உறுதி செய்தது. மீன்களின் கோட்பாடு பிழைத்தது. கார்த்திகையைப் பொறுத்தவரை ஹிப்பார்க்கஸ் தவறியிருந்தது.

136 பார்செக் என்பது 444 ஒளியாண்டு. இன்றிரவு கார்த்திகையிலிருந்து நம் கண்ணில் விழும் ஒளி, தொலைநோக்கி பிறப்பதற்கு முன், மதுரையில் நாயக்கர்கள் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் புறப்பட்டது. அந்த ஒளி வழியில் தூசையும் கடந்துவருகிறது. நீண்ட நேரம் திறந்துவைத்து எடுத்த படங்களில் கார்த்திகையின் மெரோப்பி என்ற மீனைச் சுற்றி நீலப் புகை தெரியும். கூட்டம் இப்போது தற்செயலாகக் கடந்துகொண்டிருக்கும் தூசு மேகம் அது. விண்மீன்களுக்கு நடுவே பரவிய தூசு ஒளியைக் குறைக்கிறது என்று 1930-இல் வானியலாளர் ட்ரம்ப்ளர் நிறுவினார். அதற்கு முன் தூசினால் மங்கிய கூட்டங்களையெல்லாம் தொலைவில் இருப்பவை என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

மிச்சம் இருப்பது தெற்குக் கொம்பு. ஸீட்டா டாரிக்கு ஒரு பாகை தள்ளி, 1054 ஜூலையில் சீன வானியலார் ஒரு ‘விருந்தாளி மீனை’க் கண்டார்கள். 23 நாள் பகலிலும் தெரிந்தது. இரவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நின்று மறைந்தது. அங்கே இன்று இருப்பது நண்டு நெபுலா, வெடித்துச் சிதறிய ஒரு பெருமீனின் எச்சம். ஸீட்டா டாரி சுமார் 440 ஒளியாண்டு. நெபுலா அதற்கும் பதினைந்து மடங்கு பின்னால். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பகலில் தெரிந்தது என்றால், சூரியனின் ஒளியைப்போல் பல கோடி மடங்கு ஒளி அந்த வெடிப்பில் எழுந்திருக்க வேண்டும்.

அதன் தொலைவை அளந்த வழி லூயிஸ் பாஸின் வழிக்கு உறவுமுறை. பல ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களை 1921-இல் ஜான் டங்கன் ஒப்பிட்டு, நெபுலா விரிகிறது என்று காட்டினார். அதன் இழைகள் ஆண்டுக்கு எத்தனை விகலை வெளியே நகர்கின்றன என்பது படத்தில் கிடைக்கும். நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் நம்மை நோக்கி வருகின்றன என்பது நிறமாலையில் கிடைக்கும். நெபுலா எல்லாப் பக்கமும் சமமாக விரிந்தால் இரண்டையும் வகுத்தாலே போதும். ஆனால் அது உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் நீண்டிருக்கிறது. நீண்ட பக்கம் நம்மை நோக்கியதா, குறுக்கானதா என்பதைப் பொறுத்து விடை மாறும். அதனால்தான் வர்ஜீனியா ட்ரிம்பிள் 1973-இல் 2,000 பார்செக் என்று சொன்னபோது, கூடவோ குறையவோ 500 இருக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னார். அண்மை ஆண்டுகளில் நெபுலாவின் நடுவே நொடிக்கு முப்பது முறை சுழலும் பல்சாரின் இடமாறு தோற்றத்தையே ரேடியோ தொலைநோக்கிகள் அளந்துவிட்டன. விடை ட்ரிம்பிள் சொன்ன எல்லைக்குள், 2,000-க்குச் சற்றுக் குறைவாக வந்தது. அளக்கப்பட்ட கோணம் விகலையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ரோகிணிக்கு அளந்ததில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு.